பக்கவாதம் வந்த சர்க்கரை நோயாளி: வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி: 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுள்ள என் அப்பாவுக்கு (வயது 64) சென்ற மாதம் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் செயலிழந்தன. இன்சுலின் போடுகிறோம், தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது. வீட்டில் எதில் கவனமாக இருக்க வேண்டும்?
- வாசகி, மதுரை

பதில்: புரையேறுவதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். உணவோ நீரோ நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரக்கூடும் என்பதால், விழுங்கும் பயிற்சி தரும் சிகிச்சையாளரிடம் தாமதிக்காமல் காட்டி, எவ்வளவு கெட்டியாகக் கொடுக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு கரண்டியால் ஊட்டி, ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்ததைக் கொடுங்கள். உண்டபின் அரை மணி நேரமாவது படுக்கவிடாதீர்கள்.

இன்சுலின் போட்ட பிறகு, நான்கு வாய் கஞ்சியோடு அவர் போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால், சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். அப்போது வரும் வியர்வையும் பேச்சுக் குழறலும் மறுபடி பக்கவாதம் வந்ததைப் போலவே தோன்றும். உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். நினைவு மங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். சர்க்கரை சரியாக இருந்தும் குழறல் இருந்தால் அப்போதும் அழையுங்கள். சாப்பாடு குறைகிற நாள்களில் இன்சுலின் அளவை எப்படி மாற்றுவது என்பதை மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கி வைத்திருப்பது நல்லது.

எழுப்பி உட்காரவைக்கும்போது வலது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். வலுவிழந்த தோள்மூட்டு எளிதில் நழுவும். உணர்ச்சி குறைந்த பாதத்தில் புண் வந்தாலும் அவருக்குத் தெரியாது. குதிகாலையும் விரலிடுக்குகளையும் தினமும் நீங்களே பாருங்கள். முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பதால் பிசியோதெரபியை ஒருநாளும் விடாதீர்கள். காரணமில்லாமல் அவர் அழுதாலோ கோபித்தாலோ அதுவும் நோயின் பகுதியாக இருக்கலாம். அதையும் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.