கசிவா, உடைப்பா? வாசகர் கேள்விகள்

கேள்வி: கன்ட்ரோல் ரூமில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. பைப்லைனில் பிரஷர் திடீரென்று சரிந்தால் முதலில் மீட்டரைச் சந்தேகப்படுவதா, பம்பை நிறுத்துவதா? சீனியர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: நிறுத்துங்கள். மீட்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பம்பிலிருந்து வெளியே போகும் பக்கம் பிரஷர் விழுகிறது, அதே நேரம் ஃப்ளோ கூடுகிறது, மறுமுனையில் வந்துசேரும் அளவு குறைகிறது என்றால் மூன்று மீட்டரும் ஒரே நிமிடத்தில் கெட்டுப்போயிருக்க வாய்ப்பில்லை.

2010 ஜூலையில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மார்ஷல் ஊருக்குப் பக்கத்தில் 30 அங்குலக் கச்சா எண்ணெய்க் குழாய் கிழிந்தது. திட்டமிட்டபடி லைனை நிறுத்திக்கொண்டிருந்த நேரம். அலாரம் அடித்தது. ஆனால் நிறுத்தும்போது குழாய்க்குள் வெற்றிடம் விழுந்திருக்கும், அதனால்தான் பிரஷர் இல்லை என்று நினைத்து, குழாயை நிரப்புவதற்காக மறுபடி இரண்டு தடவை பம்பை ஓட்டினார்கள். 17 மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு வெளியாள் ஒருவர் போன் பண்ணித்தான் விஷயமே தெரிந்தது. கொட்டியது 8 லட்சம் காலனுக்கு மேல். அதில் ஐந்தில் நான்கு பங்கு அந்த இரண்டு தடவை பம்பை ஓட்டியபோது போனது! 10 நிமிடத்துக்குள் காரணம் புரியாவிட்டால் லைனை நிறுத்த வேண்டும் என்ற விதி அங்கேயே இருந்தது என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஆகவே நிறுத்தியதை மறுபடி ஓட்டுவதற்குத்தான் ஆயிரம் கேள்வி கேட்க வேண்டும், நிறுத்துவதற்கு ஒருவரையும் கேட்கக் கூடாது. வரிசையும் முக்கியம்: முதலில் பம்ப், அப்புறம் இரண்டு பக்க வால்வுகள். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே வால்வைப் படாரென்று மூடினால் பிரஷர் எகிறி, பலவீனமான இன்னொரு இடத்திலும் குழாய் விட்டுவிடும்.

கேள்வி: ஸ்டீம் லைன் ஃபிளேன்ஜில் (இரண்டு குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) லேசாக உஸ்ஸென்று சத்தம். ஓடும்போதே போல்ட்டை ஒரு சுற்று இறுக்கிவிடலாமா?

பதில்: கூடாது. ஒரு சுற்றுதானே என்று ஸ்பேனரை எடுக்கிற அந்தக் கையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வெளியே நன்றாகத் தெரியும் போல்ட், உள்ளே துரு தின்று பாதி தடிமனில் இருக்கலாம். அது முறிந்தால் அதன் சுமை பக்கத்துப் போல்ட்டுகள் மேல் விழும், உஸ் என்ற சத்தம் ஒரே நொடியில் வெடிப்பாக மாறும். அதோடு, ஸ்டீம் ஒருமுறை கேஸ்கட்டை (இணைப்பின் இடுக்கை அடைக்கும் வளையம்) அறுத்துக்கொண்டு வழி பண்ணிவிட்டால், எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் கோடு அடைபடாது.

இன்னொன்று, அருகில் போய்க் கவனித்தவர்களுக்குத் தெரியும்: வெள்ளையாகப் புகை மாதிரி தெரிவது ஸ்டீம் இல்லை, அது ஆறிப்போன நீர்த்துளி. அந்த வெண்மைக்கும் ஓட்டைக்கும் நடுவில் கொஞ்ச தூரம் ஒன்றுமே இல்லாதது போல் காலியாக இருக்கும் பாருங்கள், நிஜமான ஸ்டீம் அங்கேதான் இருக்கிறது. அதனால் எங்கிருந்து வருகிறது என்று கையை வைத்துத் தேடவே தேடாதீர்கள். இடத்தைச் சுற்றித் தடுப்புக் கட்டி, வால்வை மூடி லைனைத் தனிமைப்படுத்தி, பிரஷரை முழுக்க இறக்கி, பெர்மிட் (வேலைக்கான எழுத்து அனுமதி) போட்டு, புதுக் கேஸ்கட்டோடு வேலை செய்யுங்கள். உற்பத்தி நிற்கும்தான். நிற்கட்டும்.

கேள்வி: கேஸ் குழாய் கசிந்து தீப்பிடித்தால், கையில் தீயணைப்பான் இருந்தும் அணைக்காதே என்று பயிற்சியில் சொன்னார்கள். ஏன்?

பதில்: சரியாகத்தான் சொன்னார்கள். எரியும் கேஸ் கண்ணுக்குத் தெரிகிறது, எங்கே இருக்கிறது என்றும் தெரிகிறது. தீயை மட்டும் அணைத்துவிட்டு வால்வைத் திறந்தே விட்டால், வருகிற கேஸ் எல்லாம் சேரும். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதத்துக்குள் கலந்திருந்தால் ஒரு பொறி போதும். எனவே தூரத்திலிருந்து வால்வை மூடுவது முதல் வேலை, பக்கத்துக் குழாய்களையும் தொட்டிகளையும் தண்ணீர் அடித்துக் குளிர வைப்பது அடுத்தது. 2010 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் சான் புருனோவில் கேஸ் குழாய் வெடித்தபோது, ஆட்கள் போய் வால்வை மூடிக் கேஸை நிறுத்த 95 நிமிடம் ஆனது. எட்டுப் பேர் இறந்தார்கள். உங்கள் லைனில் வால்வு எங்கே, அதைத் திருப்ப எத்தனை நிமிடம் ஆகும் என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

கேள்வி: அழுகின முட்டை வாடை அடித்தது, கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. கசிவு நின்றுவிட்டதா?

பதில்: நின்றதாக நினைக்காதீர்கள்! அந்த வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அளவு கூடினால் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும், வாடை போனதே ஆபத்து முற்றியதற்கு அடையாளமாக இருக்கலாம். காற்றைவிடக் கனமானது, பள்ளத்திலும் வடிகாலிலும் போய்த் தேங்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கம்பத்தில் பறக்கும் காற்றுப்பையை நிமிர்ந்து பார்த்து, காற்றுக்குக் குறுக்கே விலகி, அப்புறம் காற்று வருகிற திசையில் மேட்டுக்குப் போங்கள். குழிக்குள் சகா விழுந்து கிடந்தாலும் சுவாசக் கருவி மாட்டாமல் இறங்காதீர்கள். மனசு கேட்காதுதான், ஆனால் இப்படி இறங்கினவர்களும் பக்கத்திலேயே விழுந்திருக்கிறார்கள்.