சோசலிசமும் நம்ம பால் சொசைட்டியும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் 'சோசலிசம்' என்ற சொல்லைப் பற்றிக் கேட்டவற்றுக்கு, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவரின் பதில்கள்.

அரூர் கல்லூரி மாணவி: ஐயா, இந்தச் சொல்லை உருவாக்கினது மார்க்ஸ்தானே?

இல்லைம்மா. 1827-லேயே லண்டனில், கூட்டுறவு வாழ்க்கையை வலியுறுத்திய ஆலை முதலாளி ராபர்ட் ஓவனைப் பின்பற்றியவர்களின் கூட்டுறவு இதழில் 'சோசலிஸ்ட்' என்ற சொல் அச்சாகிவிட்டது. மார்க்ஸுக்கு அப்போது 9 வயது. பிரான்சில் பியேர் லெரு என்ற சிந்தனையாளர் 1830-களில் தனிமனிதவாதத்துக்கு எதிர்ப்பக்கம் இதை வைத்து எழுதினார். 'அவனவன் பாடு அவனவனுக்கு' என்பதை மறுக்க வந்த சொல் இது.

பாலக்கோடு, மாடு வளர்ப்பவர்: எல்லாத்தையும் கவர்மெண்டு எடுத்துக்கிறதுதானே சோசலிசம்? எங்க ரெண்டு மாட்டையும் சேர்த்தா?

அந்தப் பயம் வேண்டாம் அண்ணே. அரசுடைமை என்பது இதில் ஒரு வழிதான். ஓவன் ஆட்கள் பெரிதும் நம்பியது கூட்டுறவை. 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் நெசவாளர்களும் மற்ற தொழிலாளிகளும் காசு சேர்த்து ஒரு கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை விற்றார்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு. லாபம், வாங்கிய சரக்குக்கு ஏற்றபடி. உங்க பால் சொசைட்டியை நினைத்துப் பாருங்க. ரெண்டு மாடு வைத்திருப்பவருக்கும் பத்து மாடு வைத்திருப்பவருக்கும் ஓட்டு ஒன்றுதான். போனஸ் ஊற்றின பாலுக்கு ஏற்ப. மாடு உங்களுடையது, விற்கிற ஏற்பாடு எல்லாருக்கும் பொது. சொசைட்டிதான் சோசலிசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரெண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. அதனால் சொசைட்டித் தேர்தலுக்குத் தவறாமல் போங்க.

ஓசூர் தொழிலாளி: அப்ப கம்யூனிசம் வேறயா தோழர்?

அந்தக் காலத்தில் வேறாகத்தான் பார்த்தார்கள். மார்க்ஸும் அவர் நண்பர் எங்கெல்ஸும் சேர்ந்து எழுதிய 1848 அறிக்கைக்கு ஏன் 'கம்யூனிஸ்ட்' என்று பெயர் வைத்தோம் என எங்கெல்ஸ் அதன் 1888 முன்னுரையில் விளக்கினார்: அந்நாளில் சோசலிசம் நடுத்தர வர்க்கத்து இயக்கம், கம்யூனிசம் தொழிலாளர் இயக்கம்.

ஊத்தங்கரை ஆசிரியை: தமிழில் சமதர்மமா, பொதுவுடைமையா?

கம்யூனிசத்துக்குப் பொதுவுடைமை, சோசலிசத்துக்குச் சமதர்மம் என்று பிரித்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது. 1931-ல் பெரியாரின் 'குடி அரசு' இதழ் மார்க்ஸ், எங்கெல்ஸ் அறிக்கையைத் தமிழில் வெளியிடத் தொடங்கியது. பெரியாரும் சிங்காரவேலரும் சமதர்மத்தை மேடைமேடையாகக் கொண்டுபோனார்கள். 'தர்மம்' என்றதும் பிச்சை நினைவுக்கு வருவது மட்டும் எனக்கு உறுத்தல்.

பென்னாகரம், போட்டித் தேர்வு எழுதுபவர்: நம்ம அரசியலமைப்பின் முகவுரையில் இந்தச் சொல் எப்போது சேர்ந்தது?

1976, 42-ஆவது திருத்தம். 1948 நவம்பர் 15-லேயே அரசியல் நிர்ணய சபை உறுப்பினர் கே.டி. ஷா, முகவுரையில் அல்ல, அரசியலமைப்பின் முதல் பிரிவில் இதைச் சேர்க்கக் கேட்டார். சமுதாயத்தை எப்படி அமைப்பது என்பதை அந்தந்தக் காலத்து மக்களே முடிவு செய்யட்டும் என்று அம்பேத்கர் மறுத்தார். முகவுரையிலிருந்து அந்தச் சொல்லை நீக்கக் கோரிய மனுக்களை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தனியார் தொழிலுக்கு அது தடையில்லை என்றும் சொன்னது. பாலக்கோட்டு அண்ணன் இதையும் படிக்க வேண்டும்.