பதினெட்டு வயதுக் குரலுக்கு ஒன்றரை லட்சம் டாலர் கடனா?

கேள்வி: மகளுக்குப் பதினேழு வயது. கர்நாடக சங்கீதத்தில் தொடங்கினாள். பள்ளி கொயரில், அதாவது சேர்ந்திசைக் குழுவில், சேர்ந்த பிறகு, பாடியே நடிக்கும் மேற்கத்திய இசை நாடகமான ஓபராதான் என்கிறாள். தரவரிசையில் முன்னால் நிற்கும் ஒரு கன்சர்வேட்டரியில் (இசைக் கல்லூரியில்) இடம் கிடைத்துவிட்டது. உதவித்தொகை போக, நான்கு வருடத்துக்கு 1,60,000 டாலர் கடன் வாங்க வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று கல்விக் கட்டணமே வேண்டாம் என்கிறது. "பணத்தைப் பார்த்து அவள் ஆசையைக் கெடுக்காதே, வீட்டின் மேல் கடன் வாங்கலாம்" என்கிறார் கணவர். பெரிய கல்லூரிப் பெயர் பின்னால் கைகொடுக்காதா?
- பெயர் வேண்டாம், எடிசன், நியூ ஜெர்சி (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: உங்கள் முழுக் கடிதத்தில் தரவரிசை மூன்று இடத்தில் வருகிறது. பாட்டுச் சொல்லித்தரப் போகிறவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. விண்ணப்பங்களை வடிகட்டும்போது கல்லூரிப் பெயருக்குக் கொஞ்சம் மரியாதை உண்டுதான். அதுவும் பெரும்பாலும் முதுகலை படித்த இடத்துக்கு. ஆடிஷனில் நிற்கும்போது மேல்ஸ்தாயிக்குப் பட்டச் சான்றிதழ் முட்டுக்கொடுக்காது.

பன்னிரண்டு வயதில் அரங்கேற்றம் பார்த்துப் பழகிய நமக்குப் பதினெட்டு என்றாலே தாமதம். ஓபராவில் கணக்கு வேறு. மைக் இல்லாமல், முழு ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். அந்த மூச்சும் உடம்பும் கூடிவர இருபதுகளின் பிற்பாதி ஆகிவிடும். கனத்த சாரீரமென்றால் முப்பதும் தாண்டும். அதனால்தான் இளங்கலைக்குப் பிறகு முதுகலை, அதன்பின் ஓபரா கம்பெனிகள் இளம் பாடகர்களுக்குத் தரும் பயிற்சி என்று பாதை நீள்கிறது. முதுகலை மாணவர்கள் இருக்கும் இடங்களில் முக்கிய வேடங்கள் பெரும்பாலும் அவர்களுக்கே போகும். உங்கள் மகள் கொயரில் நிற்பாள். அதற்கா இந்த விலை?

கடனைப் பிரித்துப் பாருங்கள். மத்திய அரசுக் கடனாக அவள் பெயரில் நான்கு வருடத்தில் கிடைப்பது 27,000 டாலர். 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்கும் பெற்றோருக்கு, ஒரு பிள்ளைக்கு மொத்தமே 65,000 டாலர்தான். மீதி 68,000-க்குத் தனியார் கடனில் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது வீடு. அவள் பெயரிலுள்ள அரசுக் கடனுக்காவது வருமானத்துக்கேற்ற தவணை உண்டு. வீட்டுக் கடனுக்கு அந்தத் தயவெல்லாம் கிடையாது. 1,60,000-ஐ எட்டு சதவீத வட்டியில் பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 1,940 டாலர். முதுகலைச் செலவு இதில் சேரவில்லை. ஆடிஷன் கட்டணம், விமான டிக்கெட், பியானோ வாசிப்பவருக்குச் சம்பளம், இவையும் சேரவில்லை. ஞாயிறு தேவாலயப் பாட்டும் குழந்தைகளுக்கு டியூஷனுமாக ஓட்டுகிற வயதில் இந்தத் தவணை வந்தால், முழுநேர வேலைக்குத்தான் போக வேண்டும். சாதகத்துக்கு நேரம் ஏது? உங்கள் கணவர் காப்பாற்ற நினைக்கும் ஆசையை அந்த வங்கிக் கடனே கெடுத்துவிடும்.

புகழ்பெற்ற ஓபரா பாடகி ரெனே ஃப்ளெமிங் இளங்கலை படித்தது நியூயார்க் மாநிலத்தின் போட்ஸ்டாம் அரசுக் கல்லூரியில். ஜூலியார்ட் போன்ற பெரிய இசைக் கல்லூரி எல்லாம் அப்புறம். இன்னொரு ஓபரா நட்சத்திரம் ஜாய்ஸ் டிடொனாடோ விச்சிட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, பிலடெல்பியாவில் கல்விக் கட்டணமே வாங்காத பாட்டுப் பயிற்சிப் பள்ளியான அகாடமி ஆஃப் வோக்கல் ஆர்ட்ஸுக்குப் போனார். இருவருமே முதலில் படித்தது இசை ஆசிரியர் படிப்பு! இரண்டு நட்சத்திரங்களை வைத்து விதி எழுத முடியாது. மாநிலக் கல்லூரியில் சேர்ந்தால் கதவு சாத்திக்கொள்ளும் என்ற உங்கள் பயத்துக்கு மட்டும் இது பதில். யேல் பல்கலைக்கழகத்தின் இசைப் பள்ளியிலும் முதுகலைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. இடங்கள் மிகக் குறைவு; ஆனால் முயன்று பார்க்கிற வயது அதுதான், பதினெட்டு அல்ல.

மாநிலப் பல்கலைக்கழகம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டும் சேர்க்காதீர்கள். அங்கே குரல் ஆசிரியரிடம் மகள் ஒரு பாடமாவது கற்றுப் பார்க்கட்டும். அவரிடம் படித்தவர்கள் இப்போது எங்கே பாடுகிறார்கள், இளங்கலை மாணவர்களுக்கு மேடை கிடைக்கிறதா, ஜெர்மன், இத்தாலியன் உச்சரிப்பை யார் கற்றுத்தருகிறார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடமும் வேண்டாம்.

கணவருக்கும் ஒரு வேலை. மற்ற இடத்தின் சலுகைக் கடிதத்தை இணைத்து, உதவித்தொகையை உயர்த்தச் சொல்லி கன்சர்வேட்டரிக்கு எழுதட்டும். கேட்பதில் கூச்சம் வேண்டாம், எல்லோரும் கேட்கிறார்கள். மொத்தக் கடன் அந்த 27,000-க்குள் அடங்கினால் தாராளமாக அனுப்புங்கள். அடங்காவிட்டால் வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். முன்பணம் கட்டக் கடைசி நாள் பல இடங்களில் மே 1. அதற்குள் எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.