வீட்டுப்பாடத்தில் முழு மதிப்பெண், தேர்வில் பாதிகூட இல்லை!

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். எந்த வீட்டுப்பாடமாக இருந்தாலும் சாட்ஜிபிடியிடம் கேட்டே முடித்துவிடுகிறான். நோட்டில் குறையே சொல்ல முடியாது. ஆனால் தேர்வுத்தாளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கணக்கில் பாதி மதிப்பெண்கூட வருவதில்லை. கேட்டால், "கால்குலேட்டர் வந்தப்பவும் இப்படித்தாம்மா எல்லாரும் பயந்தாங்க" என்கிறான். அவன் அப்பாவும் அவன் கட்சிதான். "நாளைக்கு வேலையே இதுலதான், பழகட்டும் விடு" என்கிறார். ஃபோனைப் பிடுங்கி வைத்துவிடலாமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அலுவலகக் கடிதங்களை நானே அதனிடம் கொடுத்துத்தான் திருத்திக்கொள்கிறேன். அவனை மட்டும் எந்த வாயால் கண்டிப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கையைக் கட்டிப்போட்டிருப்பது அதுதான். அலுவலகக் கடிதத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அது நீங்கள் நினைக்காத ஒன்றை எழுதிவிட்டால் படித்தவுடனே பிடித்துவிடுவீர்கள். உங்கள் மகனுக்கு அந்தக் கணக்கில் எது சரி, எது தப்பு என்று இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ளத்தானே வீட்டுப்பாடமே தருகிறார்கள்! அதனால் குற்ற உணர்ச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தாராளமாகக் கண்டியுங்கள்.

சரி, கால்குலேட்டர் வாதத்துக்கு வருவோம். பையன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கால்குலேட்டர் பற்றிய 79 ஆய்வுகளை ஹெம்ப்ரீ, டெசார்ட் என்ற இருவர் 1986இல் தொகுத்துப் பார்த்தார்கள். வழக்கமான பாடத்தோடு சேர்த்துக் கால்குலேட்டரையும் பயன்படுத்திய பிள்ளைகள், கையால் கணக்குப் போடுவதில் பின்தங்கவில்லை. நான்காம் வகுப்பில் மட்டும்தான் சறுக்கல் தெரிந்தது. பயந்தவர்கள்தான் தப்புக் கணக்குப் போட்டார்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் இனிப் புத்தகமே தேவைப்படாது, எல்லாவற்றையும் திரைப்படமே சொல்லிக்கொடுத்துவிடும் என்று 1913இல் எடிசன் சொன்னார். புத்தகம் இன்னும் பையில்தான் இருக்கிறது.

ஆனால் கால்குலேட்டரிடம் எதை எதால் வகுக்க வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். சாட்ஜிபிடி கேள்வியையும் அதுவே படித்து, வழிமுறையையும் அதுவே போட்டு, 'ஏனெனில்' என்று காரணத்தையும் எழுதிக் கொடுத்துவிடுகிறது. பையனுக்கு மிச்சம் இருப்பது பார்த்து எழுதும் வேலை மட்டும்தான்.

உங்கள் கணவரிடம் ஒரு ஆய்வைப் பற்றிச் சொல்லுங்கள். துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்துக் கணக்குப் பாடத்தில் நடத்தியது, 2025இல் வெளியானது. சாதாரண சாட்ஜிபிடி போன்ற ஒன்றை வைத்துக்கொண்டு பயிற்சி செய்தவர்கள், பயிற்சியில் மற்றவர்களைவிட 48 சதவீதம் நன்றாகச் செய்தார்கள். அப்புறம் அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். அதைத் தொடாமலே படித்தவர்களைவிட இவர்கள் 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். உங்கள் வீட்டுக் கதையேதான், இல்லையா? விடையை அப்படியே தராமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி அமைத்த இன்னொரு வகையைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்தச் சரிவு பெரும்பாலும் வரவில்லை. அவர்களுக்குத் தேர்வில் பெரிய லாபமும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள், அப்பாக்கள் அதைக் கேட்க விரும்பாவிட்டாலும்!

ஏன் இப்படி? மண்டையை உடைத்துக்கொள்ளும் நேரத்தில்தான் பாடம் உள்ளே இறங்குகிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு பகுதியை இரண்டு முறை படித்தவர்கள் ஒரு பக்கம், ஒருமுறை படித்துவிட்டு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 42. சுலபமாகத் தெரிந்தது நிற்கவில்லை. உங்கள் மகனும் ஏமாற்றுகிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. விடையைப் படிக்கும்போது அவனுக்கு நிஜமாகவே புரிந்த மாதிரி இருக்கும்.

அவனுக்குப் புரிந்திருக்கிறதா என்று பார்க்க உங்களுக்குக் கணக்கு தெரிய வேண்டியதில்லை. ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: ரயில் 240 கிலோமீட்டர் போகிறது, வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் கூடினால் ஒரு மணி நேரம் மிச்சமாகும், வேகம் என்ன? நோட்டில் அழகாக விடை இருக்கும்: 60. நோட்டை மூடச் சொல்லுங்கள். "அதே ரயில் 20 கிலோமீட்டர் மெதுவாகப் போனால் எவ்வளவு லேட்டாகும்?" என்று கேளுங்கள். பார்த்து எழுதியவன் சட்டென்று "ஒரு மணி நேரம்" என்பான். புரிந்து போட்டவன் கொஞ்சம் யோசித்து, 240ஐ 40ஆல் வகுத்து ஆறு மணி நேரம், ஆக இரண்டு மணி நேரம் தாமதம் என்பான். எந்தப் பாடமாக இருந்தாலும் இப்படி ஒன்றை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். அவன் பேந்தப் பேந்த விழித்தால் திட்ட வேண்டாம். எங்கே ஓட்டை என்று அவனுக்கே தெரிந்துவிடும், அது போதும்.

ஃபோனைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் நண்பன் ஃபோனில் பார்ப்பான், நீங்கள் இரவெல்லாம் போலீஸ் வேலை பார்க்க வேண்டியிருக்கும். வரிசையை மட்டும் மாற்றுங்கள். ஃபோன் வேறு அறையில் இருக்கட்டும். முதலில் ஒவ்வொரு கணக்கையும் தாளில் தானே போட்டுப் பார்க்கட்டும், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அதற்குப் பிறகு சாட்ஜிபிடியிடம் போகலாம். "விடையைச் சொல்லாதே, என் வழியில் எங்கே தப்பு என்று மட்டும் காட்டு" என்று கேட்கட்டும். இதற்கென்றே 2025 ஜூலையில் 'ஸ்டடி மோட்' என்று ஒன்று வந்தது. அதை ஒரே தட்டில் அணைத்துவிடலாம் என்பதை உங்கள் மகன் உங்களுக்கு முன்பே கண்டுபிடித்திருப்பான், அதனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் தயாராக இருங்கள். இந்த ஏற்பாட்டில் வீட்டுப்பாட மதிப்பெண் முதலில் குறையும், நோட்டில் அடித்தல் திருத்தல் நிறைய இருக்கும். ஆசிரியரிடமிருந்து குறிப்புகூட வரலாம். அவரை நேரில் பார்த்து, "இனி அவனே போட்டுக்கொண்டு வருவான், தப்பு இருந்தால் சுழித்துக் கொடுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டில் உங்கள் கணவரிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.