நின்னுருச்சா, நிப்பாட்டுனீங்களா?

கேள்வி: டீச்சர், எனக்கு 24 வயசு, இலங்கைல பொகவந்தலாவை பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். நாலு வருசமா ஒரு மாயாஜால நாவல் எழுதுறேன். கதைல மலைய ஆளுறவங்க கிட்ட ஒரு பேரேடு இருக்கு, அதுல யாரு பேர எழுதி குடுக்குறாங்களோ அவங்க பலம் ஆளுறவங்களுக்கு போயிரும். மந்திரத்தால ஒரு கல்ல தூக்குனா அந்தக் கல்லோட எடை யாரோ ஒருத்தர் பேர்ல இருந்து கழியும், சும்மா ஒண்ணும் வராது. பேர புடுங்கவும் ஏலாது, தானா குடுத்தா தான் பலிக்கும். பாதி கழிஞ்சவங்களுக்கு அரைப்பேர்காரங்கன்னு பேரு. உள்ளங்கைல சூரிய மச்சத்தோட பொறந்த பையன் ஒருத்தன் கடைசில பேரேட்ட எரிக்கிறான். நம்ம சனத்தோட கஷ்டத்துல மந்திரத்த கலக்குறது கேவலம்னு கூட்டாளிமார் சொல்றாங்க. அப்பா எழுத்த விட்டுட்டு டீச்சர் வேலைக்கு எக்ஸாம் எழுத சொல்றாரு. மந்திரக் கணக்கு பிழையாகாம இருக்கான்னு அக்கா தான் ராவுல பாத்து சொல்லும், அக்கா ஓ.எல்லோட நின்னுருச்சு, அதான் பதினோராம் வகுப்பு பரீட்சையோட, இப்ப மலைக்கு கொழுந்து எடுக்க போகுது. நான் மந்திரத்த எடுத்துட்டு சாதாரண கதையா எழுதவா?

பதில்: தம்பி, மந்திரத்த எடுக்காத. நீ கேட்டதுக்கு பதில் அவ்வளவு தான்.

கூட்டாளிமார் கிட்ட சொல்லு, ஃபெக்டரி ரோதைக்கு, அதான் சக்கரத்துக்கு, ரோதமுனிய வச்சு கும்பிட்டதும் கவ்வாத்து மலைக்கு ஒரு கவ்வாத்து சாமிய வச்சதும் நம்ம ஆளுங்க தான், மாசி மாசம் காமன் கூத்துல காமன எரிச்சு திரும்ப எழுப்புறதும் நம்ம லயத்து சனம் தான், அதுல எது கேவலம்னு கேளு. இந்தக் கேள்விய வருசத்துக்கு நாலு பேராவது எழுதி அனுப்புறாங்க, எல்லாருக்கும் இதே பதில் தான், அதுக்கு மேல இதுல மெனக்கெட எனக்கு பொறுமை இல்ல.

ஆனா உன் கடிதத்துல ஒரு வரி என்னைய ரெண்டு நாளா உறுத்துது. "அக்கா ஓ.எல்லோட நின்னுருச்சு." போற போக்குல எழுதிட்டு போயிட்ட. மழை நின்னுருச்சு, பஸ் நின்னுருச்சு, அக்கா நின்னுருச்சு. நாலு வருசமா உன் கதைல கல்லோட எடையும் கழிவும் ஒத்து வருதான்னு பாக்குற புள்ள, அதுவும் பகல் பூரா கூடைய தலைல மாட்டி அட்டைக்கு ரத்தம் குடுத்துட்டு வந்து ராவுல குப்பி லாம்பு மாதிரி மங்குன பல்பு வெளிச்சத்துல பாக்குற புள்ள, அதுக்கு படிப்பு ஏறலன்னு நீ சொல்லல, சொல்லவும் ஏலாது. அப்ப யாரு நிப்பாட்டுனது?

நான் சொல்றேன், பிழைன்னா அடுத்த கடிதத்துல திட்டு. ரெண்டு பேர ஓ.எல்லுக்கு மேல ஏ.எல் படிக்க வைக்க வீட்டுல காசு இல்ல. அம்மாவும் அப்பாவும் வாய் திறந்து கேட்டிருக்க மாட்டாங்க, கேக்க வேண்டியும் வந்திருக்காது, ஏன்னா ஒரு நாள் அக்காவே சொல்லிருக்கும், "தம்பி படிக்கட்டும், நான் தோட்டத்து வேலைக்கு பேர் பதியிறேன்"னு. எல்லாருக்கும் நிம்மதி. யாரும் யாரையும் புடுங்கல பாரு. தானா குடுத்தா தான் பலிக்கும்னு சட்டம் எழுதி வச்சிருக்கியே, அத நீ உன் மண்டைல இருந்து எடுத்தேன்னா நெனைக்கிற, உங்க வீட்டுக் காம்பராவுல இருந்து எடுத்த.

நான் 29 வருசம் தோட்டத்து ஸ்கூல்ல படிச்சு குடுத்தவ. ஓ.எல் ரிசல்ட் வந்த பிறகு பொம்பள புள்ளைங்க ஒவ்வொண்ணா வராம போகும், நான் ரெஜிஸ்டர்ல சிவப்பு பேனாவால ஒரு கோடு இழுத்து "விலகினார்"னு எழுதுவேன். எத்தன பேருக்கு எழுதிருப்பேன்னு எண்ணிப் பாக்க பயம். "விலக்கப்பட்டார்"னு எழுத அதுல ஒரு கட்டம் இல்ல, இருந்திருந்தா மட்டும் எழுதிருப்பேனான்னு தெரியல, அதனால உன்னைய மட்டும் திட்டுறேன்னு நெனைக்காத.

இந்த "தானா" வெள்ளக்காரன் காலத்துல இருந்து வர்றது. துண்டு முறைன்னு ஒண்ணு இருந்துச்சு, கேள்விப்பட்டிருப்ப. கங்காணி முன்பணம் குடுத்து ஆள் கூட்டிட்டு வருவான், வழிச் செலவு அரிசி கம்பளின்னு எல்லாம் கடன்ல ஏறும், அந்தக் கடன் ஒரு துண்டுக் காகிதத்துல எழுதிருக்கும், வேற தோட்டம் அந்தக் காச கட்டி எடுத்தா தான் ஆள் நகரலாம், அப்பவும் கடன் தீராது, ஆளோட சேந்து அதுவும் புது தோட்டத்துக்கு போகும். சட்டம் போட்டு நிப்பாட்டுனது 1921ல. அந்தக் காலத்துல யார கேட்டாலும் அவங்க தானா வந்தவங்க, தானா கைநாட்டு வச்சவங்கன்னு தான் சொல்லிருப்பாங்க. உன் நாவல்ல ஆளுறவங்க சாட்டைய தூக்கிட்டு வர்றாங்களா, எனக்கு தெரியாது, வந்தா அத வெட்டு. முன்பணத்த தூக்கிட்டு வரட்டும், கம்பளியோட வரட்டும், சிரிச்சிட்டே வரட்டும்.

அரைப்பேர் நல்ல சொல்லு. (வெளியூர் வாசகருக்கு சொல்றதுன்னா, தோட்டத்துல ஒரு நாள் கூலிக்கு "பேர்"னு தான் சொல்றது, கொழுந்து கிலோ குறைஞ்சா அரைப்பேர் தான் விழும், தம்பி அத அப்படியே தூக்கி கதைல போட்டிருக்கு.) லாஜிக்கான மந்திரம்னு நீ தேடுறது அந்த தராசுல இருக்கு. கூடைக்குன்னு கழிவு, ஈரத்துக்குன்னு கழிவு, நீ எடுத்தது ஒண்ணு, செக்ரோல்ல, அதான் கூலிக் கணக்கு புத்தகத்துல, ஏறுறது ஒண்ணு. 2021ல நாள் சம்பளம் ஆயிரம் ரூபா ஆனப்ப பல தோட்டத்துல எடுக்க வேண்டிய கிலோவ கூட்டிட்டாங்க. சும்மா ஒண்ணும் வராதுன்னு உன் சட்டம் சொல்லுதே, அதே தான்.

அப்படி கிராம் கணக்கு வரைக்கும் பாக்குற கதைல அந்த சூரிய மச்சப் பையன் மட்டும் எப்படி வந்தான்? அவன் பலம் யார் பேர்ல இருந்து கழிஞ்சுது? எழுதலயே. பொறந்தான், மச்சம் இருந்துச்சு, பலம் வந்துருச்சு. ஆம்பள புள்ளையா பொறந்தா படிப்பு வந்துருதே, அது மாதிரி. உன் சட்டத்த நீயே மீறிட்டு அந்த இடத்துல மட்டும் கணக்கு கேக்காம போயிட்ட. எனக்கு இந்த மச்சப் பசங்கள கண்டாலே ஆகாது, ஆனா நீ அவன வச்சுக்கிறதுன்னா வச்சுக்க, அவனுக்காக அரைப்பேர் ஆன ஆள் யாருன்னு எழுதிட்டு வச்சுக்க. முகத்துக்கு ரொம்ப தூரம் போக வேண்டியதில்ல, அடுப்படிய எட்டிப் பாரு.

அப்பா விசயம். அவரு சொல்றது சரி, எக்ஸாம எழுது. 24 வயசுல அக்கா எடுக்குற கொழுந்துல சோறு தின்னுட்டு அடுத்தவன் பலத்த உறிஞ்சுறவங்கள பத்தி நாவல் எழுதுறத என்னால மெச்ச ஏலாது, எவ்வளவு நல்லா எழுதுனாலும். குடும்பம்னா ஒருத்தர் தோள்ல ஏறி ஒருத்தர் மேல வர்றது தான், அதுல தப்பில்ல, ஏறுனவன் மேல நின்னு கைய நீட்டணும், நீ மேல உக்காந்து அக்கா கிட்டயே கணக்கு பாத்து குடுன்னு கொப்பிய நீட்டுற. ஸ்கூல விட்டவங்களும் தனிப்பட்ட பரீட்சார்த்தியா ஏ.எல் எழுதலாம், உனக்கும் தெரிஞ்ச விசயம் தான், அக்காவுக்கு எத்தன வயசானாலும் கேட்டுப் பாரு. ஏ.எல்லுக்கு என்ன பாடம் எடுக்க நெனச்சுதுன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியா? வேணாம்னு தான் முதல்ல சொல்லும், தம்பி எழுதட்டும்னு சொல்லும், அத நம்பி திரும்பி வந்துராத. புத்தகம் வந்தா அட்டைல ரெண்டு பேரும் இருக்கணும், முழுப்பேரா. முன்னுரைல நன்றி போட்டு முடிக்கிற வேலை வேணாம்.

கடைசியா அந்த முடிவு. பேரேட்ட எரிக்கிறது பாக்க அழகா இருக்கும், ஆனா நம்ம சனத்துக்கு அது சரி வராது தம்பி. 1948ல குடியுரிமை சட்டம் வந்தப்ப அப்பன் பாட்டன் இங்க பொறந்ததுக்கு தாள் கேட்டான், தாள் இல்லாம தான் லட்சக்கணக்குல நாடில்லாதவங்க ஆனாங்க. 1964ல இந்தியா, இலங்கை ரெண்டு நாட்டு பிரதமரும் உக்காந்து அஞ்சேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூணு லட்சம் பேர் இங்கன்னு பிரிச்சாங்க, மிச்சம் ஒன்றரை லட்சத்த 1974ல சரிபாதியா பிச்சாங்க. தாள் எரிஞ்சா நட்டம் எப்பவும் நமக்கு தான். உன் கதைல பேரேடு எரிஞ்சா யார்கிட்ட இருந்து எவ்வளவு கழிஞ்சுதுன்ற கணக்கும் சேந்து எரியுது, பிறகு எத காட்டி திருப்பி கேப்பாங்க? கணக்கு பாக்குற யாரும் இத கேக்காம விடமாட்டாங்க, உன் அக்காவும் கேட்டிருக்கும். கேட்டப்ப நீ என்ன பதில் சொன்ன?