ஓல்ட் என்றால் வயதானதா, பழையதா, முன்னாளா? சீன மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆங்கிலம் படிக்கும் சீன மாணவர்களும், அவர்களுக்குச் சொல்லித்தரும் தமிழ் ஆசிரியர்கள் சிலரும் ‘ஓல்ட்’ என்ற ஒரே சொல்லைப் பற்றிக் கேட்ட கேள்விகள் இவை. சீன மொழியில் வயதான ஆளுக்கு ‘லாவ்’, பழைய பொருளுக்கு ‘ஜியூ’, தொன்மையானதற்கு ‘கூ’ என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. ஆங்கிலத்தில் இவை எல்லாவற்றுக்கும் ஓல்ட் போதும்.

“‘மை ஓல்ட் டீச்சர்’ என்று கட்டுரையில் எழுதினேன். என் ஆசிரியைக்கு முப்பது வயதுதான், அப்படி எழுதக் கூடாது என்கிறாள் தோழி.” (கல்லூரி மாணவி, செங்டு)

நீங்கள் எழுதியது சரி. முன்பு உங்களுக்குப் பாடம் எடுத்தவர், இப்போது எடுப்பதில்லை என்பதுதான் அங்கே பொருள். ஓல்ட் வரும் இடத்திலெல்லாம் அதன் எதிர்ச்சொல் என்ன என்று கேளுங்கள். ‘யங்’ என்றால் வயது, ‘நியூ’ என்றால் பழசு, ‘இப்போதைய’ என்றால் முன்னாள். ஓல்டுக்கு நேராகப் பத்துச் சீனச் சொற்களை வரிசையாக மனப்பாடம் செய்ய வைக்கும் முறையை நான் ஏற்பதில்லை. பட்டியல் தேர்வு முடிந்ததும் மறந்துவிடும், இந்தக் கேள்வி கூடவே வரும்.

உங்கள் வாக்கியத்தில் குழப்பம் வராமல் இருக்க, நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுத்தவர் என்று ஒரு விவரம் சேருங்கள். உண்மையிலேயே வயதானவர் என்றால் ‘எல்டர்லி’ என்று எழுதலாம்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். ‘ஓல்ட் பாய்ஃபிரெண்ட்’ என்றால் உறவு முடிந்துபோன காதலர். ‘ஓல்ட் ஃபிரெண்ட்’ என்றால் நட்பு இன்னும் இருக்கிறது, வெகுநாளாக இருக்கிறது. சீனத்தின் ‘லாவ் பெங்யோ’வும் இதே பொருள்தான் என்பதால் நண்பர் விஷயத்தில் உங்களுக்குத் தடுமாற்றம் வராது. காதலர் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை.

“மாட்டிறைச்சி கொஞ்சம் அதிகம் வெந்துவிட்டது. ‘தி பீஃப் இஸ் ஓல்ட்’ என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் தட்டையே தள்ளிவிட்டார். ஏன்?” (உணவக ஊழியர், குவாங்சோ)

அவர் பயந்துவிட்டார். வெந்து கெட்டியான இறைச்சியையும் முற்றிப்போன கீரையையும் சீனத்தில் ‘லாவ்’ என்கிறீர்கள், அதன் எதிர்ச்சொல் ‘நென்’, அதாவது இளசு. ஆங்கிலத்தில் இறைச்சியை ஓல்ட் என்றால் பல நாள் கிடந்தது, கெட்டுப்போயிருக்கலாம் என்றுதான் படும். அதிகம் வெந்ததற்கு ‘ஓவர்குக்ட்’, மெல்ல முடியாததற்கு ‘டஃப்’. கீரை முற்றியிருந்தாலும் டஃப் பொருந்தும்.

“அலுவலகத்தில் எல்லோரும் ‘லாவ் வாங்’ என்று அழைப்பவரை ஆங்கிலத்தில் ‘ஓல்ட் வாங்’ எனலாமா?” (கணக்கர், உஹான்)

வேண்டாம். குடும்பப்பெயருக்கு முன்னால் வரும் லாவ் நெருக்கத்தைக் காட்டுவது. வாங்குக்கு நாற்பது வயது இருந்தாலே போதும். ஆங்கிலத்தில் அது அவர் கிழவர் என்று சுட்டிக்காட்டுவது போல ஆகிவிடும். மிஸ்டர் வாங் என்றோ, ‘லாவ் வாங்’ என்றே சீன ஒலிப்பிலோ சொல்லுங்கள். லாவ் பின்னால் வந்து ‘வாங் லாவ்’ ஆனால் அது மூத்த அறிஞர்களுக்கான பெருமரியாதை. அதற்கு ஈடாக ஆங்கிலத்தில் ஓல்ட் இல்லவே இல்லை.

“‘லாவ்ஹு’ என்றால் புலி. அதில் உள்ள லாவ்?” (பள்ளி மாணவர், நான்ஜிங்)

வெறும் முன்னொட்டு. பிறந்த குட்டியும் லாவ்ஹுதான். ஆசிரியரைக் குறிக்கும் ‘லாவ்ஷி’யிலும் இன்று வயதுக்கு இடமில்லை.

“என் வகுப்பில் எல்லோரும் ‘மை ஓல்ட் பிரதர்’ என்று எழுதுகிறார்கள். எப்படித் திருத்துவது?” (தமிழ் ஆசிரியை, சிங்கப்பூர்)

நமக்கு அண்ணன், தம்பி மாதிரி அவர்களுக்கு ‘கெகெ’, ‘தீதி’. ‘பிரதர்’ என்று மட்டும் சொன்னால் ஏதோ குறைவதாக அவர்களுக்குத் தோன்றுகிறது, அதனால் ஓல்டைச் சேர்க்கிறார்கள். ‘ஓல்டர்’ அல்லது ‘எல்டர்’ என்று ஒப்பீட்டு வடிவம் வர வேண்டும் என்று சொல்லுங்கள். எல்டருக்குப் பின் ‘விட’ என்ற பொருள் தரும் ‘தேன்’ (than) வராது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். அப்புறம், சீன வாக்கியத்தில் ‘இரண்டு வயது’ கடைசியில் வரும் என்பதால் ‘ஓல்டர் தேன் ஹிம் டூ இயர்ஸ்’ என்று எழுதுவார்கள். ‘டூ இயர்ஸ்’ ஓல்டருக்கு முன்னால் போக வேண்டும்.

“ஆங்கிலப் படிவத்தில் என் பாட்டியின் வயதை எப்படி எழுதுவது? வீட்டில் ஒரு கணக்கு, அடையாள அட்டையில் ஒரு கணக்கு.” (சியான்)

அடையாள அட்டையில் உள்ள பிறந்த தேதிப்படி. வீட்டில் சொல்வது ‘ஷூ சுய்’, மரபுக் கணக்கு. பிறந்தவுடன் ஒரு வயது, சந்திரப் புத்தாண்டு வந்ததும் இன்னொன்று. புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன் பிறந்த குழந்தைக்கு அந்த வாரமே இரண்டு வயதாகிவிடும். ‘இயர்ஸ் ஓல்ட்’ என்பது முழுதாக நிறைந்த வயதை மட்டுமே குறிக்கும்.

“ஷேக்ஸ்பியர் எழுதியது ஓல்ட் இங்கிலீஷா?” (தியென்ஜின்)

இல்லை. ஓல்ட் இங்கிலீஷ் என்பது சுமார் 5ஆம் நூற்றாண்டு முதல் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வழங்கிய மொழி. இன்றைய ஆங்கிலேயர் அதைத் தனியாகப் படித்தால்தான் புரியும். 1564இல் பிறந்த ஷேக்ஸ்பியரின் மொழி தொடக்ககால நவீன ஆங்கிலம். இங்கே ஓல்ட் ஒரு காலகட்டத்தின் பெயர், சீனத்தில் இதற்குக் ‘கூ’ பொருந்தும்.

“சான் பிரான்சிஸ்கோவை நாங்கள் ‘ஜியூ ஜின்ஷான்’ என்கிறோம். ‘ஓல்ட் கோல்ட் மவுண்டன்’ என்று மொழிபெயர்க்கலாமா?” (சுற்றுலா வழிகாட்டி, குவாங்துங்)

ஊர்ப்பெயராகச் சான் பிரான்சிஸ்கோவையே சொல்லுங்கள். ஆனால் பெயரின் கதையைப் பயணிகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள், அது உங்கள் மாகாணத்தாரின் கதை. கலிபோர்னியாவில் 1848இல் தங்கம் கிடைத்ததும் குவாங்துங்கிலிருந்து ஏராளமானோர் கடல் கடந்து போனார்கள். அவர்களுக்கு அந்த இடம் ‘தங்க மலை’. 1851இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் தங்கம் கிடைத்தது, மெல்பர்ன் ‘புதுத் தங்க மலை’ ஆயிற்று. அதன் பிறகே சான் பிரான்சிஸ்கோ பழையதானது. புதியது ஒன்று வந்ததால் முந்தையது பழையதாகும் இந்த ஜியூவுக்கு ஓல்ட் கச்சிதமாகப் பொருந்தும்.

“‘எனி ஓல்ட் பென் வில் டூ’ என்றார் என் மேலாளர். பழைய பேனாவைத் தேடிக் கொடுத்தேன்.” (ஷாங்காய்)

ஏதாவது ஒரு பேனா போதும் என்றிருக்கிறார். அடுத்த முறை கையில் இருக்கும் புதுப் பேனாவையே கொடுக்கலாம்.