ஆம்ப் வாங்குவதற்கு முன்னால் ஹெட்ஃபோன் பேடைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: "என்னிடம் பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ ஹெட்ஃபோன், 250 ஓம் இருக்கிறது. ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வாங்கினால்தான் முழு ஒலியும் வரும் என்கிறார்கள். இன்னும் சிலர் உள்ளே பஞ்சு வை, கேபிளை மாற்று என்கிறார்கள். எதில் காசைப் போடுவது?"

எங்கள் அப்பா மைக்செட்காரர். கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் ரோட்டோரக் கடை. சந்தனக்கூடு, முளைக்கொட்டு, கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் ஆம்ப்ளிஃபயரையும் குழாய் ஸ்பீக்கர்களையும் ஏற்றிக்கொண்டு போய்ப் பனைமரத்தில் கட்டுவதுதான் எங்கள் பிழைப்பு. அதனால் பிசிக்ஸ் வாத்தியார் மின்தடையை அளக்கிற ஓம் பற்றிச் சொல்வதற்கு முன்பே, ஆம்ப்ளிஃபயரின் முதுகில் 4, 8, 16 என்று வரிசையாக எழுதியிருப்பதில் நான் அதைப் பார்த்துவிட்டேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, இவ்வளவு தெரிந்தும் ஹெட்ஃபோன் விஷயத்தில் ஏமாந்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

கீழக்கரையில் என் கூட்டாளியின் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள், பறவை இல்லை) துபாயிலிருந்து மொத்தமாக ஊர் திரும்பியபோது, பல வருஷம் போட்டுக் கேட்ட தன் சென்ஹைசர் எச்டி 650-ஐ எனக்குப் பாதி விலைக்குத் தந்தார். 300 ஓம். போனில் சொருகிக் கேட்டால், தலையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு பக்கத்து வீட்டுப் பாட்டைக் கேட்கிற மாதிரி இருந்தது. தேடிப் படித்த இடத்திலெல்லாம் ஒரே பதில்தான்: 300 ஓமை போன் இழுக்காது, ஆம்ப் வேண்டும்.

சரி என்று நானே ஒன்று கட்டினேன். ஓ2 என்று ஒரு சர்க்யூட் உண்டு. தன் சொந்தப் பெயரையே வெளியில் சொல்லாத ஒரு மனிதர் 2011-ல் படம், பாகப் பட்டியல், அளவீடுகள் எல்லாவற்றையும் பொதுவில் போட்டார், அடுத்த வருஷமே ஆள் எழுதுவதை நிறுத்திக் காணாமல் போய்விட்டார். இரண்டு 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். கரண்ட்டில் ஓட்ட வேண்டுமானால் அடாப்டர் ஏசி-யாகவே கொடுக்க வேண்டும், கடையில் கிடைக்கிற அடாப்டர் எல்லாம் டிசி. நல்லவேளை, அப்பாவின் தகர டப்பாவில் 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று கிடந்தது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து பற்றவைத்து முடித்துப் போட்டால் சத்தம் கொட்டுகிறது, ஆனால் போர்வை அப்படியே இருக்கிறது. அப்பா வாங்கி மாட்டிக் கேட்டார். "சத்தம் கூடியிருக்குடா. பாட்டு அதே பாட்டுத்தான" என்று கழற்றி மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்குக் கோபம். குழாய்க்குப் பக்கத்திலேயே ஆயுளைக் கழித்த காது, அதற்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துத் துடைப்பதற்காகத்தான் பேடை, அதாவது காதைச் சுற்றி உட்காருகிற மெத்தையை, கழற்றினேன். விளிம்பில் நகத்தை விட்டு இழுத்தால் டக் டக்கென்று விடும். உள்ளே டிரைவருக்கு (ஒலியை எழுப்புகிற பகுதி) மேல் ஒரு கறுப்பு ஸ்பாஞ்சு வட்டு இருக்கும், அதில் விரல் பட்டதும் அடுப்புக்கரி மாதிரிப் பொடிந்து கையெல்லாம் ஒட்டிக்கொண்டது. பேடு, சத்திரத்துத் தலையணை கணக்காகத் தட்டையாகி, காது கிட்டத்தட்ட டிரைவரிலேயே உரசும் நிலை. புதுப் பேடும் ஸ்பாஞ்சும் வரவழைத்து மாட்டிய அன்றைக்கு, ஆம்ப் இல்லாமல் வெறும் போனிலேயே போர்வை விலகிவிட்டது. அதாவது நான் ஆம்ப்புக்குச் செலவழித்த காசும் இரண்டு ராத்திரியும் வேறு எதையோ சரிசெய்துகொண்டிருந்தன.

காரணம் ரொம்பச் சாதாரணம். ஹெட்ஃபோனில் காதுக்கும் டிரைவருக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன அறைதான் தொனியைப் பெருமளவு தீர்மானிக்கிறது. பேடு அமுங்கினால் அறை சுருங்குகிறது, தூரம் மாறுகிறது, ஹைஸும் மிட்ஸும் (மேல் ஸ்தாயி, நடு ஸ்தாயி) இடம் மாறிப்போகின்றன. மூடிய வகை ஹெட்ஃபோன் என்றால் பேடு கிழிந்து காற்று கசிந்தாலே பேஸ் ஓடிவிடும், மூக்குக்கண்ணாடியின் காம்பு போடுகிற இடைவெளியே போதும். பேட்டில் வெல்வெட்டுக்குப் பதில் லெதர் போட்டால் அதே டிரைவர் வேறு ஹெட்ஃபோனாகிவிடும், சில சமயம் நல்லதாக, பல சமயம் மோசமாக. உங்கள் டிடி 990-ஐ எத்தனை வருஷமாகப் போடுகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தால் முதல் செலவு பேடு.

இனி ஆம்ப் கணக்கு. கால்குலேட்டர் போதும், யாரிடமும் கேட்க வேண்டாம். டிடி 990 ப்ரோ 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் சத்தம் தரும் என்று கம்பெனி சொல்கிறது. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட். 1 வோல்ட் கொடுத்தால் 250 ஓமில் 4 மில்லிவாட். பவர் இரண்டு மடங்கானால் 3 டெசிபல் கூடும், நாலு மடங்குக்கு 6, ஆக 102 டெசிபல். 2 வோல்ட் கொடுத்தால் 108. ஆப்பிளின் அந்தச் சின்ன டைப்-சி வால் (போனில் சொருகி ஹெட்ஃபோனை மாட்டுகிற அடாப்டர்) 1 வோல்ட் தரும், ஐரோப்பாவுக்கு விற்கிற மாடலில் பாதிதான், ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் முழுச் சத்தமும் வராது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். தினசரி கேட்பதற்கு 102 எக்கச்சக்கம். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபலைத் தாண்டாதே என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் கர்நாடகக் கச்சேரி, சிம்பொனி மாதிரி குறைந்த சத்தத்தில் பதிவாகி நடுவில் திடீரென எழும்புகிற ரெக்கார்டிங் கேட்பவருக்கு இன்னும் 6 டெசிபல் கையிருப்பு இருந்தால் நல்லது. அதற்குத்தான் ஆம்ப். 2 வோல்ட், 3 வோல்ட் சுத்தமாகக் கொடுக்கிற எந்தச் சின்ன ஆம்ப்பும் உங்களுக்குப் போதும், அதற்கு மேல் போடுகிற காசு பெட்டிக்கும் குமிழுக்கும்.

ஓம் கூடினால் 'இழுக்கக் கஷ்டம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் சரியில்லை. எங்கள் கடை ஆம்ப்ளிஃபயரில் 4, 8, 16-ஐத் தாண்டி 100 வோல்ட் என்று ஒரு முனை இருக்கும். ஊர்க்கோடி வரை ஒயர் இழுத்துக் குழாய் கட்டும்போது அதில்தான் கொடுப்போம், வோல்ட் அதிகம், கரண்ட் குறைவு, ஒயரில் நஷ்டமும் குறைவு. பந்தலுக்குள் வைக்கிற பெட்டி ஸ்பீக்கருக்கு 4 அல்லது 8, அங்கே கரண்ட் வேண்டும். ஹெட்ஃபோனும் அப்படித்தான். 250, 300, 600 ஓம் கேட்பது வோல்ட்டை. ஹைஃபைமேன் எச்இ-6 மாதிரி பிளானர் (காந்த வரிசையை ஒட்டி மெல்லிய படலம் அதிர்கிற வகை) 50 ஓம்தான், ஆனால் 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான் தரும், அது கரண்ட்டைக் குடிக்கும். ஓமை மட்டும் பார்த்து ஆம்ப் வாங்கியவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஆம்ப் தொனியையே மாற்றாதா என்றால், ஒரு வழியில் மாற்றும். ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஆம்ப்பின் வெளிவாயில் தானே காட்டுகிற தடை, அதுவும் ஓமில்தான்) அதிகமாக இருந்தால். எச்டி 650-க்கு 300 ஓம் என்று போட்டிருந்தாலும் பேஸ் வருகிற 100 ஹெர்ட்ஸ் பக்கம் அது 500-ஐத் தொடும். 120 ஓம் அவுட்புட் உள்ள பழைய ரிசீவரில் சொருகினால் அந்த இடத்தில் ஏறக்குறைய 1 டெசிபல் தூக்கலாக வரும். வால்வ் ஆம்ப்பில் கேட்டால் 'கதகதப்பு' என்று சொல்கிறார்களே, அதில் ஒரு பங்கு இதுதான். பிளானரில் ஓம் எல்லா இடத்திலும் ஒரே மட்டம், அங்கே இந்த வித்தை பலிக்காது.

இரண்டு ஆம்ப்பை ஒப்பிடுவதாக இருந்தால் தயவுசெய்து மல்டிமீட்டர் வைத்துச் செய்யுங்கள். 100 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஓடவிட்டு, ஹெட்ஃபோன் மாட்டிய நிலையிலேயே இரண்டிலும் ஏசி வோல்ட் ஒன்றாக வரும்படி குமிழைத் திருப்பி வைத்துவிட்டு, எது ஓடுகிறது என்று தெரியாமல் வேறு ஒருவரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். ஒரு டெசிபல் கூடியிருந்தால்கூட நம் காது அதை 'தெளிவு' என்று நினைத்துக்கொள்ளும். நான் என் ஓ2-வையும் போன் வாலையும் இப்படி வைத்து, தங்கச்சியை மாற்றச் சொல்லிக் கேட்டேன். பத்துக்கு ஐந்து சரி. சும்மா சொன்னாலும் அவ்வளவுதான் வரும்.

அப்புறம் பஞ்சு. இதை நான் எதிர்ப்பவன் இல்லை, ஆசை தீரச் செய்தவன். இதற்கென்றே பிறந்த ஹெட்ஃபோன் ஃபாஸ்டெக்ஸ் டி50ஆர்பி. பேடை உரித்தால் நாலு ஸ்க்ரூ, கழற்றினால் வெறும் பிளாஸ்டிக் கிண்ணம். கிண்ணத்தில் களிமண் அப்பி அதிர்வைக் கொல்வது, டிரைவருக்குப் பின்னால் பஞ்சு, காற்றுத் துளைகளில் டேப் என்று உலகமெங்கும் ஆட்கள் நோண்டியிருக்கிறார்கள். டான் கிளார்க் என்பவர் இதையே பிரித்து மாற்றி மேட் டாக் என்று விற்றுத்தான் பெயரெடுத்தார், இன்றைக்குத் தன் பெயரிலேயே கம்பெனி வைத்திருக்கிறார். பெரிய கம்பெனிகளும் இந்த நோண்டலிலிருந்து விலகியவை இல்லை. சென்ஹைசரின் எச்டி 800-ல் 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர்மை இருந்தது, ஆட்கள் உள்ளே ஃபெல்ட் ஒட்டி அதை அடக்கிப் பார்த்தார்கள், பிறகு வந்த எச்டி 800 எஸ்-ல் கம்பெனியே அந்த அதிர்வை உறிஞ்சுகிற ஏற்பாட்டோடு விட்டது.

நான் பண்ணியது என்ன தெரியுமா? என் டி50ஆர்பியைக் கடை மேசையிலேயே வைத்துப் பிரித்தேன். காலையில் அப்பா குழாய் மாட்டுகிற இரும்புப் பட்டையில் துளை போட்ட மேசை. டி50ஆர்பியும் பிளானர்தான், பிளானர் டிரைவர் என்றால் வரிசையாகக் காந்தம். மேசையில் வைத்த மாத்திரத்தில் துளைத்தூள் எறும்பு மாதிரி ஏறி ஒட்டிக்கொண்டது. செலோடேப்பின் பிசின் பக்கத்தை வைத்து ஒற்றி ஒற்றி ஒரு மணி நேரம் எடுத்தேன். எல்லாம் போயிற்று என்று நினைத்து மூடினால், நாதஸ்வரத்தில் ஒரே ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் வலது பக்கம் 'ஜிர்' என்கிறது, இன்றைக்கும். பஞ்சையும் அள்ளி வைத்துவிட்டேன் போல, பேஸ் செத்துப்போனது, பாதியை எடுத்த பிறகு திரும்பி வந்தது. ஆக, பிரிப்பதாக இருந்தால் இரும்பு படாத மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், அதுவும் திரும்ப எடுக்கக்கூடிய மாற்றம். பசை கூடாது.

டிடி 990-ல் உங்களுக்கு உறுத்துவது அநேகமாக 8 கிலோஹெர்ட்ஸ் பக்கத்து ஸ் ஸ் என்ற கூர்மையாக இருக்கும், அந்த மாடலின் சுபாவம் அது. டிரைவர் மேல் டிஷ்யூ பேப்பர் வைத்துச் சிலர் குறைக்கிறார்கள், குறையும், ஆனால் குறையக் கூடாததும் சேர்ந்து குறையும். அதற்கு ஈக்யூ (ஈக்வலைசர், எந்த ஸ்தாயி கூட வேண்டும், எது குறைய வேண்டும் என்று மென்பொருளில் மாற்றுவது) எவ்வளவோ மேல். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ இலவசம், ஆண்ட்ராய்டில் வேவ்லெட். 8 கிலோஹெர்ட்ஸில் 4 டெசிபல் குறைத்து, உங்கள் காதுக்கு ஏற்ப இடத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்துங்கள். எச்டி 650-க்கு நான் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 5 டெசிபல் தூக்கி, அதிலேயே பிரீஆம்ப் என்று இருக்கிற மொத்தச் சத்த அளவை 5 இறக்கி வைத்திருக்கிறேன், இறக்காவிட்டால் டிஜிட்டலிலேயே ஒலி உடையும். ஆம்ப்புக்கு உண்மையான வேலை வருவதும் இங்கேதான்: ஈக்யூவுக்காக 5, 6 டெசிபல் இறக்கிவிட்டால் மொத்தச் சத்தம் பாதி வோல்ட்டுக்கு வந்துவிடும், அதை ஆம்ப் திரும்பக் கொடுக்கும். என் ஓ2 இப்போது அந்த வேலையைத்தான் பார்க்கிறது.

கேபிள்? காசைக் கடலில் போடுவதும் ஒன்றுதான், கடலில் போட்டால் மீனாவது பார்க்கும். பேலன்ஸ்டு அவுட்புட்டில் (ஒவ்வொரு காதுக்கும் தனி ஜோடி ஒயரில் கொடுப்பது) இரண்டு மடங்கு வோல்ட் கிடைக்கலாம், அது ஆம்ப்பின் குணம், ஒயரின் குணம் இல்லை.

நீங்களும் கடற்கரைக்காரர் என்றால் ஒயரின் தரத்தைவிட அதன் முனையைக் கவனியுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் வீட்டில் பித்தளையும் செம்பும் ஒரே வாரத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும். எச்டி 650-ன் கேபிள் முனையில் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் இரண்டு ஊசி இருக்கும். பல்குத்தும் குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, ஊசியையும் அது போகிற ஓட்டையையும் மாதம் ஒரு தடவை துடைக்கிறேன், பஞ்சு கறுத்து வரும். வால்யூம் குமிழ் கரகரத்தாலும் இதே கதைதான். கேட்டு முடித்ததும் மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஹெட்ஃபோன் உள்ளே போகும். லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது மட்டும் 'ம்ம்ம்' என்று இரைந்தால் அது எர்த் கோளாறு, ஆம்ப் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றாதீர்கள், சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். எர்த் குழிக்கு உப்பும் கரியும் போடுவார்கள், எங்கள் ஊரில் உப்பு தானாகவே போய்விடுகிறது, குழியில் இறக்கிய குழாய்தான் துருப்பிடித்து இல்லாமல் போகிறது.

பேடு மாற்றி, ஈக்யூ வைத்து, அப்புறமும் வால்யூம் முழுசாகத் திருகியும் போதவில்லை என்றால் எழுதுங்கள், எந்த ஆம்ப் என்று பேசுவோம். அதுவரை ஒரு பக்கம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டால் பிளக்கைத் துடைத்துவிட்டு மறுபடி சொருகிப் பாருங்கள்.